சிவப்புக்கு மேல் வெள்ளை

“கோட்டுக் கைக்குத் துணி வந்ததும் கூப்பிடு. ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கோடு போடும் சாக்பீஸ் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினார் தையற்காரர். டீக்கடை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அதோடு போய்விட்டார்.

ஊர் பேண்டு குழுவின் இருபது சிவப்புக் கோட்டுகள் கையில்லாமல் மேசையில் கிடந்தன. அந்தக் கடையில் வெட்டுவது அவர், தைப்பது மனைவி. பெரிய கத்தரிக்கோலை அவள் தொட்டதே இல்லை. போதாக்குறைக்கு அந்தச் சிவப்பு நிறத்தையே மில்லில் நிறுத்திவிட்டார்கள். வேறு எந்தச் சிவப்பை வைத்துப் பார்த்தாலும் ஒட்டுப்போட்டதுபோல் பல்லிளித்தது.

“ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துட்டு கடையைப் பூட்டுங்க அண்ணி. எங்களோட வந்து இருங்க” என்றாள் நாத்தனார். திங்கட்கிழமைக்குள் பேண்டு மாஸ்டருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, “அழுதது போதும், வாங்க” என்று அண்ணியை இழுத்துக்கொண்டு, உலகமே வந்து பார்க்கும் ராஜா காலத்துப் பெருவாயிலுக்குப் போனாள்.

அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். பாதிவரை சிவப்புக் கல், அதற்குமேல் வெள்ளை.

“பாதி கட்டும்போது ராஜா போயிட்டார். சிவப்புக் கல்லெடுத்த பள்ளத்திலயும் தண்ணி புகுந்துடுச்சு. இத்தோட விட்டுடலாம்னு எல்லாரும் ராணிகிட்ட சொன்னாங்க” என்றார் வழிகாட்டி.

“அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் அண்ணி.

“அதை எங்கேயும் எழுதி வைக்கலம்மா. கட்டி வெச்சிட்டுப் போயிட்டாங்க.”

உள்ளே படியேறி, இரண்டு நிறமும் சேரும் இடத்தில் அவள் விரலை வைத்து நகர்த்தினாள். ஒட்டு தெரியக் கூடாது என்பதுதான் அவள் தொழிலில் முதல் பாடம். இங்கே ஒட்டை மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நூல் பிசகாமல் ஓடியது கோடு. கல் தீர்ந்துபோன அடையாளமே இல்லை. முதலிலேயே இப்படித்தான் நினைத்திருந்தார்கள் போல இருந்தது. ராஜா போன பிறகு வந்த முதல் வேலைநாளை அவள் நினைத்துப் பார்த்தாள். உளியும் கையுமாகக் கொத்தர்கள் ராணியின் முகத்தைப் பார்த்து நின்றிருப்பார்கள். ராணிதான் வெள்ளைக் கல்லைக் காட்டியிருப்பாள்.

“இருபது கோட்டுக்கும் வெள்ளைக் கை வெக்கப்போறேன். காலரும் வெள்ளை.”

“யாரு வெட்டுறது?”

“ஏன், எனக்குக் கையில்லையா?”

“தப்பாப் போச்சுன்னா?”

“போனா போகட்டும்டி. வெள்ளைத் துணி எந்தக் கடையிலதான் இல்ல?”

திங்கட்கிழமை பேண்டு மாஸ்டர் அரை மனதாகத் தலையாட்டினார். அவள் முதலில் வெட்டிய இரண்டு கையும் இடக்கையாகப் போயிற்று. துணியைத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். கணவர் போனபிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கத்தரிக்கோல் சொன்னபடி கேட்டது.

குழு கடைத்தெருவில் நடந்து வந்த அன்று, இருபது ஜோடி வெள்ளைக் கைகள் ஒன்றாய் உயர்ந்து இறங்கின. வேடிக்கை பார்த்தவர்கள் விசிலடித்தார்கள். “எங்க அண்ணி வெட்டினதுங்க!” என்று முன்பின் தெரியாதவர்களையெல்லாம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள் நாத்தனார். மறுவாரமே பக்கத்து ஊர்க் குழு படியேறி வந்து, அதேபோல் வெள்ளைக் கை வைத்துத் தைத்துத் தரக் கேட்டது. துணியை அண்ணியே அளந்து மேசையில் விரித்தாள்.

மாடிக் கடைக்குள் வெயில், கணவர் வெட்டிய நாட்களைப் போலவே, இப்போதும் மதியத்துக்கு மேல்தான் வருகிறது; கத்தரிக்கோல்தான் இப்போது அவள் கையில்.