நாணலுக்குள்ளிருந்து வந்த பதில்

மணல்மேடுகளைத் தாண்டி, ஏரிக்கரையில் பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மரக்குடிலுக்குள் நுழைந்ததுமே வழிகாட்டிப் பெண் உதட்டில் விரலை வைத்தாள்.

"மூச்சுச் சத்தம்கூட கேக்கக் கூடாதுங்க. நாணலுக்குள்ள ஒரு குருகு இருக்கு. ரொம்பக் கூச்சப்படும். இந்த வருஷம் நானே இன்னும் அதோட குரலைக் கேக்கல."

நான் வளையல் குலுங்குமென்று அதையும் கழற்றிப் பைக்குள் வைத்தேன். என் வீட்டுக்காரர் பலகையில் சாய்ந்தார், கண்ணை மூடினார், குறட்டையை ஆரம்பித்தார். இந்த மனுஷனோடு எங்கே போனாலும் மானம் கப்பலேறிவிடும். விலாவில் இடிக்க முழங்கையை ஓங்கினேன்.

அப்போது நாணலுக்குள்ளிருந்து அதே சுருதியில் ஓர் உறுமல் வந்தது. வழிகாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்கக்கா! குருகு பதில் சொல்லுது!"

இவர் ஒன்று விட, அது ஒன்று விட, கச்சேரி களைகட்டியது. கடைசியில் குருகே பழுப்புக் கழுத்தை நீட்டி வெளியே எட்டிப் பார்த்தது. வழிகாட்டிக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

அது இன்னொரு முறை உறுமியதில் இவர் திடுக்கிட்டு விழித்தார். என்னை முறைத்தார்.

"ஏண்டி, வெளிய வந்த இடத்துலயாவது குறட்டை விடாம இருக்கக் கூடாதா?"