கரைக்கு ஒதுங்கிய மீன்

கேப்டனுக்குத் தலைக்கனம் உண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை. சுருக்குவலை வளைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்வார். அது உண்மையும்கூட.

சில வருஷங்களுக்கு ஒருமுறை வரும் சூடு அந்த வருஷம் கடலில் ஏறியிருந்தது. வழக்கமாகக் காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சத்தோடு மேலே வரும். அதில் நுண்பாசி பிடிக்கும். அதைத் தின்று நெத்திலி பெருகும். இப்போது மேலே வந்த தண்ணீரே வெதுவெதுப்பாக, சத்தற்று இருந்தது. மீன் இராது என்று எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்கள்.

சீசனின் முதல் நாளே கரையை ஒட்டி நெத்திலி கொட்டிக் கிடந்தது. கேப்டன் ஒரே வளைப்பில் அடிக்கயிற்றை இறுக்கி வலையை மூடினார்.

"மீனே இல்லன்னு உங்க ஆபீஸ் ஒப்பாரி வச்சுதே. இப்ப என்ன சொல்ற?"

கேட்டது கொழுந்தியாளிடம். மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வேலை அவளுக்கு. தண்ணீரை அளக்கப் படகில் ஏறியிருந்தாள்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு இதைப் பாருங்க அத்தான்." வெப்பமானியை மேலே இழுத்தாள். காலையில் அளந்த வெளிக்கடலில் ஆழம்வரை சூடு. கரையோரத்து இந்த ஒரு கீற்றில்தான் குளிர்ச்சி மிச்சம்.

"நெறைய இருக்குன்னு வரல. வேற போக்கிடம் இல்லாம வந்திருக்கு. இருக்கிற மொத்தக் கூட்டமும் இந்தச் சந்துக்குள்ளதான் நிக்குது. இதையும் அள்ளிட்டா, தண்ணி மறுபடி குளிரும்போது முட்டை போட யாரு இருப்பா?"

"நிறுத்தச் சொல்றியா?"

"எனக்கு அதிகாரம் இல்ல. ஆபீஸ் தடை போடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். வலை உங்களோடது."

கேப்டன் ஒரு மீனை எடுத்து விரலால் நசுக்கினார். கொழுத்த மீனென்றால் விரலெல்லாம் எண்ணெய் வழியும். விரல் காய்ந்தே இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"அடிக்கயித்தை விடுங்கடா."

"கொழுந்தியா சொன்னா கடலையே எழுதிக் குடுத்துடுவாரு நம்மாளு," என்று முணுமுணுத்தார் இன்ஜின் டிரைவர். ஆனாலும் கயிற்றை விட்டது அவர்தான். வலைக்குள் மீன்களின் வெள்ளிக் கொதிப்பு அப்படியே கீழே சரிந்து மறைந்தது.

வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகுக்காரர் சிரித்தார். "என்ன கேப்டன், வலை கிழிஞ்சுபோச்சா?"

"கிழியல. நான்தான் தொறந்து விட்டேன். கீழ நிக்கறது மிச்சம் மீதி. ஒதுங்க வந்ததை அள்ளிட்டு மார்தட்டிக்க எனக்குக் கேவலமா இருக்கு. உங்களுக்கு இல்லேன்னா அள்ளுங்க."

வயர்லெஸ்ஸில் இது எல்லாப் படகுக்கும் கேட்டது. ஒரு படகு வலையைத் தளர்த்தியது. இன்னொன்று திட்டிக்கொண்டே அள்ளியது. மற்றவை என்ன செய்தன என்று தெரியவில்லை.

துறைமுகத்தில் வியாபாரி எட்டிப் பார்த்தார். "எவ்வளவு கேப்டன்?"

"காலி!"

ஏலமேடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கத்தாதீங்க அத்தான், மானம் போகுது," என்றாள் கொழுந்தியாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசி வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காதோ என்று கேப்டனுக்குச் சந்தேகம். இன்னொரு முறை கத்தினார்.