இரண்டாவது தட்டு

சட்டி மாமாவின் கடையில் உருளைக்கிழங்கு எண்ணெயில் விழுந்தால், நாலு தெரு தள்ளி உறங்குகிறவன் நாக்கு முதலில் எழுந்து உட்காரும், ஆள் அப்புறம் எழுந்திருப்பான். பேருந்து டிப்போவின் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கடை. அங்கே பொரிபடாமல் தப்பித்த பொருள் கிடையாது. உருளைக்கிழங்கு, கோழி, மீன், வெங்காய வளையம் எல்லாம் போக, ஒருமுறை உடைந்து விழுந்த மரக்கரண்டிப் பிடியையும் அந்தச் சட்டி பொன்னிறமாக்கித் தந்துவிட்டது. அதை வாங்கிய கண்டக்டர் பாதி தின்ற பிறகுதான், "கோழி கொஞ்சம் முத்தலோ?" என்று கேட்டாராம்.

மாமாவுக்குக் கடிகாரமும் வேண்டாம், எண்ணெயின் சூட்டைப் பார்க்கும் கருவியும் வேண்டாம். காது ஒன்றே போதும். சட்டிக்கு முதுகைக் காட்டி ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார். பேச்சின் நடுவில் சட்டென்று திரும்பிக் கூடையைத் தூக்குவார். உள்ளே இருப்பது சரியான பதத்தில் இருக்கும்.

"சடசடன்னா உள்ள தண்ணி இருக்கு. சலசலன்னா வேகுது. கிசுகிசுன்னு ரகசியம் பேச ஆரம்பிச்சா எடுத்துடணும். அதுக்கப்புறம் அது பேசாது, கரியும்" என்பார். இந்தப் பாடத்தைக் கேட்காத ஓட்டுநர் அந்த டிப்போவில் பணியில் சேரவே இல்லை.

அந்தக் காதுக்கு எதிராகத்தான் மச்சினி களத்தில் இறங்கினாள்.

மாமாவின் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை அவள். மாமா கடை அதிர "மச்சினி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்கு வேறு பெயர் இருந்ததைத் தெருவே மறந்துவிட்டது. பேக்கரியில் ரொட்டி அடுப்புக்கு முன்னால் வருஷக்கணக்காக நின்றவள். எண்ணெயில் முக்காமலே எதையும் மொறுமொறுப்பாக்கலாம் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றினால் அவள் தூங்கமாட்டாள், மற்றவர்களையும் தூங்கவிடமாட்டாள். வேலையை விட்டாள். பசுமாட்டின் அளவில் ஒரு பழைய மின்சார அடுப்பை வாங்கி அக்கா வீட்டுக் கூடத்தில் இறக்கினாள். சோபா பால்கனிக்குப் போனது. மாமா டிவி பார்க்க வேண்டுமானால் அடுப்புக்கு மேலே கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பேக்கரி முதலாளி சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். "போயிட்டு வாம்மா. உன் ஏப்ரனை அதே ஆணியில மாட்டி வைக்கிறேன். ரெண்டே மாசம், திரும்பி வந்துடுவே."

அந்த ஆணிதான் அவள் நெஞ்சில் தைத்தது. தோற்றால் அந்த ஆணிக்கு எதிரே போய் நின்று ஏப்ரனை எடுத்துக் கட்ட வேண்டும். மச்சினிக்கு அதைவிட அடுப்புக்குள் உட்கார்ந்துகொள்வது மேல்.

அந்தச் சமயத்தில்தான் டிப்போவுக்கு மருத்துவர் வந்து ஓட்டுநர்களைச் சோதித்தார். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு பயணச்சீட்டைக்கூடச் செருக முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். நீண்ட நாளாகப் பூட்டிக் கிடந்த கேன்டீன் அறையைத் திறந்து, எண்ணெய் மிதக்காத சாப்பாடு போடலாம் என்றார் மேலாளர். யாருக்குக் கொடுப்பது என்பதை ஓட்டுநர்களே முடிவு செய்யட்டும் என்றும் சொல்லிவிட்டார். அவர்களுக்குத் தலைவர் 'ஹாரன்'. அவர் காதோடு காதாகச் சொல்வது அடுத்த பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்கும்.

"நாள் முழுக்க இன்ஜின் சத்தத்துல காது அடைச்சுப் போயிருக்கு. கடிச்சா எங்களுக்குள்ள சத்தம் கேக்கணும். தொளதொளன்னு வேகவெச்ச காய்கறியைக் கொண்டுவந்து நீட்டினா, அந்தத் தட்டை வண்டிச் சக்கரத்துக்கு அண்டக் குடுத்துடுவோம், ஆமா!" என்றார் ஹாரன்.

மச்சினி உடனே பேர் கொடுத்தாள். விஷயம் காதில் விழுந்த கையோடு மாமாவும் கொடுத்தார்.

"மாமா, எண்ணெய் இல்லாத சாப்பாடுதானே கேக்கறாங்க? நீங்க எதுக்கு?"

"எண்ணெயைக் கொஞ்சம் வடிச்சுத் தரேன். நீ ரொட்டி சுடற கை. ஆழம் தெரியாம காலை விடாதே."

"ஆழத்தைப் பத்தி நீங்க பேசறீங்களா? உங்க சட்டியோட அடியை நீங்களே பார்த்து எத்தனை வருஷமாச்சு?"

அக்கா நடுவில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கும் நானே உரிச்சுத் தரேன். யார் தோத்தாலும் நான் அழணும். இப்பவே பழகிக்கிறேன்."

போட்டிக்கு விதி சொன்னது மாமாதான். சும்மா இருந்த வாயை அன்று அவர் ஏன் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. "முதல் தட்டை மரியாதைக்காகக்கூடச் சாப்பிடுவாங்க. ரெண்டாவது தட்டுதான் சத்தியம். எல்லாரும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டு வாங்கட்டும். மறுபடி யார்கிட்ட வந்து நிக்கறாங்களோ, அறை அவங்களுக்கு."

"சம்மதம்" என்றாள் மச்சினி. மாமா அவள் வேகத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிப்பது அவர் வழக்கமில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் உருளைக்கிழங்கையே தின்றார்கள். மச்சினி சுட்டுப் பார்த்த முதல் தட்டு தொளதொளத்தது. இரண்டாவதைக் கொண்டு சுவரில் ஆணி அடிக்கலாம்போல் இருந்தது. அப்புறம்தான் வழி பிடிபட்டது. நறுக்கிய துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டாள். அரைவேக்காடாக வேகவைத்து வடித்துக் குலுக்கினாள், ஓரங்கள் சொரசொரத்தன. கொரகொரப்பாக உடைத்த சோளத்தில் புரட்டி, தூரிகையால் பேருக்கு எண்ணெய் தொட்டு, முன்பே சூடேற்றிய தட்டில் ஒன்றோடு ஒன்று படாமல் பரப்பினாள். "ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டா வியர்த்துடும். சொந்தக்காரங்க மாதிரி, கொஞ்சம் தள்ளி இருந்தாதான் மொறுமொறுப்பு" என்றாள், மாமாவைப் பார்த்தபடி. தயிரில் ஊறிய கோழி ரொட்டித்தூளைப் போர்த்திக்கொண்டு பக்கத்துத் தட்டில் படுத்தது.

போட்டி நாளில் ஓட்டுநர்கள் ஒன்றாகச் சேர்ந்து அடுப்பைத் தூக்கிக் கேன்டீனுக்குக் கொண்டு வந்தார்கள். வாசல்படியில் ஒரு இடி. பொத்தென்று வைத்ததில் உள்விளக்கு செத்தது. சூட்டைக் காட்டும் முள் ஒரே இடத்தில் விறைத்து நின்றது. மச்சினி தட்டுகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய பிறகுதான் நிலைமை உறைத்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அமாவாசை. மூக்கை நம்பலாம் என்றால், டீசல் புகை மூக்குக்குள் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. அடிக்கடி கதவைத் திறந்தால் சூடு ஓடிவிடும், மேல்தோல் நமுத்துவிடும். பேக்கரியில் அவளைக் காப்பாற்றிய கண், மூக்கு இரண்டும் கைவிட்டன.

பேக்கரி ஆணி ஒருகணம் அவள் மனக்கண்ணில் மினுங்கியது.

பிறகு அவள் மாமாவைப் பார்த்தாள். அறையின் மறுகோடியில் அவருடைய சட்டி கொதித்தது. கை பழக்கத்தில் கூடையை ஆட்டிக்கொண்டிருந்தது. தலை மட்டும் கோழியைப்போல ஒருபக்கமாகச் சாய்ந்து, மச்சினியின் அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மச்சினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமாவுக்குப் பகையைக் கட்டுப்படுத்தத் தெரியும், பசியையும் ஓரளவு கட்டுப்படுத்துவார். ஒரு பண்டம் கருகப்போகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க மட்டும் அவரால் ஆகாது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில், "யாருப்பா அது, அடுப்புல தீயைக் குறைங்க!" என்று கத்திய மனிதர்.

"அக்கா, இது வேக ரொம்ப நேரமாகும். வா, வெளியில காத்தாட நிக்கலாம்" என்றாள் ஊருக்கே கேட்கும்படி. அடுப்புக்கு முதுகைக் காட்டி வாசலில் போய் நின்றாள்.

மாமா தொண்டையைச் செருமினார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அடுப்புக்குள்ளே சடசடப்பு சலசலப்பாக மாறியது. வெளியே மூன்று பேருந்துகள் உறுமின. அதையும் மீறி மாமாவின் காது அடுப்புக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. மச்சினி அக்காவிடம் வானிலை பற்றி நிதானமாகப் பேசினாள். மாமாவின் முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது.

"எடு!" என்று கடைசியில் வெடித்தார். "எடு புள்ள! கிசுகிசுக்குது! அங்க நின்னு என்ன வெட்டிப் பேச்சு?"

மச்சினி பாய்ந்து வந்து கதவைத் திறந்தாள். தட்டு முழுக்கப் பொன் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது, ஒரு துண்டுகூடக் கருகவில்லை. "இன்னும் நேரம் இருக்குன்னு நினைச்சேனே மாமா" என்றாள் கண்களை அகல விரித்து.

"நேரமா? அடுப்பு அந்தக் கத்து கத்துது, உனக்குக் காது எதுக்கு, கம்மல் மாட்டவா?" என்று திட்டிய மாமா, பாதியில் துண்டை எடுத்து மறுபடி வாயைப் பொத்திக்கொண்டார். தவளை தன் வாயால் கெடும் என்பதை அக்கா சொல்லவில்லை, பார்வையாலேயே உணர்த்தினாள்.

முதலில் ஹாரன் கடித்தார். கேன்டீன் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. பணிமனைப் பள்ளத்தில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், கியர் உடைந்துவிட்டது என்று பதறிக்கொண்டு மேலே ஏறி வந்தார். "சத்தம் இருக்கு!" என்று ஹாரன் அறிவித்தார். அந்த அறிவிப்பு எத்தனை ஊர் தாண்டிக் கேட்டதோ.

மாமாவின் தட்டும் சளைக்கவில்லை. ருசியில் அவருடையது ஒரு படி மேல் என்று பல பேர் சொன்னார்கள். மச்சினியும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அது உண்மைதான்" என்றாள். மாமாவின் நெஞ்சு சட்டைப் பொத்தானை உடைத்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தது.

அடுத்தது இரண்டாவது தட்டு.

ஹாரன் எழுந்தார். மாமாவின் சட்டிக்கு எதிரே வந்து நின்றார். வயிற்றைத் தடவினார். ஏப்பம் ஒன்று வந்தது, அதுவும் ஹாரன்தான்.

"மாமா, மனசு உங்ககிட்டதான் நிக்குது. வயிறு இதுக்கு மேல இங்க தாங்காதுங்குது. அங்க இன்னும் ஒரு தட்டு போகும்னு சொல்லுது" என்று சொல்லிவிட்டு மச்சினியின் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓட்டுநர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக். வரிசை வாசலைத் தாண்டி வளைந்தது. மாமாவின் எதிரில் ஒரு ஈ மட்டும் நின்றது, அதுவும் யோசித்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் யாரும் கண் சொருகவில்லை. பேருந்துகள் சரியான நேரத்துக்குப் புறப்பட்டன. அந்த டிப்போவை நம்பி நிதானமாக வந்து பழகிய பயணிகள் பாதிப் பேர் வண்டியைத் தவறவிட்டு நின்றார்கள்.

வரிசை தீர்ந்தது என்று மச்சினி நிமிர்ந்தபோது, கடைசியில் இன்னும் ஒருவர் கையில் தட்டோடு நின்றார்.

"மாமா! இது ரெண்டாவது தட்டு வரிசை."

"நான் முதல் தட்டே வாங்கலையே" என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். மெல்லவும் மறந்து கேட்டார். "ம். இன்னும் ஒரு மூச்சு முன்னாடி எடுத்திருக்கணும். நான்தான் லேட்டாக் கத்திட்டேன்."

"நாளைக்கு சரியான நேரத்துக்குக் கத்துங்க. அடுப்போட முள் செத்துப்போச்சு. உங்க காது இல்லாம நான் எப்படிச் சமாளிப்பேன்?"

"என் கடை?"

"சாயங்காலம் இருக்கே. மதியம் எப்படியும் அங்க ஈதான் வரும்."

மாமா மறுநாள் காலையில் கேன்டீன் திறப்பதற்கு முன்பே வந்து, அடுப்புக் கதவில் காதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கு இன்னும் சுவிட்சே போடவில்லை.

மச்சினி பேக்கரி வழியாக வந்தாள். முதலாளி அவளைப் பார்த்ததும் வெற்றிச் சிரிப்போடு ஆணியைக் காட்டினார். அவள் ஏப்ரனை எடுத்து மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "நன்றி முதலாளி, கேன்டீன்ல ஆள் சேர்த்திருக்கேன், அவருக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதை மாமாவுக்குக் கட்டினாள். இரண்டு பக்கத்துக் கயிறும் முதுகுப்புறம் நீண்டு பார்த்தன, ஒன்றையொன்று சந்திக்காமலே நின்றுவிட்டன. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வெக்கமா இருக்கு, அவிழ்த்துடு" என்றார் மாமா.

மச்சினி ஒரு துண்டுக் கயிறு தேடி எடுத்து, இரண்டு முனைக்கும் நடுவில் பாலம் போட்டு முடிந்தாள். "இங்கேயே மதியச் சாப்பாடு சாப்பிடுங்க மாமா. ரெண்டே மாசம், இந்தப் பாலமே வேண்டியிருக்காது."