தொண்ணூறு அடியில் நின்ற வேலை

1957 ஆவணியில், தளிக்கு மேற்கே ஒரு சிற்றூருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரம் வந்தது. வெளிநாட்டு உதவியாகக் கப்பலேறி வந்த இயந்திரம் அது. ஓட்டுபவன் முனிவேல், சாமல்பட்டிக்காரன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிணற்றுக்காகத் தன் கொல்லை மூலையை விட்டுக்கொடுத்தவள் சென்னம்மாள். ஐம்பது வயது, புருஷன் இல்லை. பால் பிடிக்காத கேழ்வரகுப் பயிரைத் தானே அறுத்துப் போட்டு இடம் ஒழித்துக் கொடுத்தாள்.

தொண்ணூறாவது அடியில் கரும்பாறை. மூன்று நாள் இடித்தும் பாறை அசையவில்லை. துளைக்கும் இரும்புத் தலைதான் பிளந்துபோயிற்று. ஓசூர்க் கொல்லன் அடித்துக் கொடுத்த மாற்று அரை நாளில் மழுங்கியது. புதுத் தலை கேட்டு முனிவேல் சேலம் ஆபீசுக்கு எழுதினான். மறுபடி எழுதினான். கார்த்திகையில் சூப்பர்வைசர் திம்மராயன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“இப்போதைக்கு வராதுப்பா. அன்னியச் செலாவணி இல்லைன்னு இறக்குமதி லைசென்ஸை நிறுத்திட்டாங்க.”

“மெஷினை சும்மாதானே சார் குடுத்தாங்க?”

“மெஷினைக் குடுத்தாங்க. உதிரி சாமானை நாமதான் டாலர் குடுத்து வாங்கணும். டெல்லியிலயே டாலர் இல்லையாம்.”

“நான் இன்னா பண்ணட்டும் சார்?”

“காவலுக்கு இரு.”

இருந்தான். இயந்திரத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. காலையில் எண்ணெய் போடுவான், துருவைத் தேய்ப்பான். அப்புறம் பகல் முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மைல் தூரத்து ஓடைக்குப் போகும் பெண்கள் முதலில், “நீரு பந்தா?”, தண்ணீர் வந்ததா என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார்கள். தை பிறந்ததும் கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டபோதுகூட அவனுக்கு இவ்வளவு வலித்ததில்லை.

சென்னம்மாள் மட்டும் ஒரு நாள் களியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏம்பா முனிவேலு, அந்த டாலரை நம்ம ஊர்ல அடிக்க முடியாதா?”

“முடியாதும்மா. நம்ம சரக்கு அங்க வித்தாத்தான் வரும். இல்லைன்னா அவங்க கடன் குடுக்கணும்.”

“என் ராகியை வாங்குவாங்களா?”

அவன் களியை வழித்துத் தின்று முடித்தான். அவளும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பங்குனியில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள் லீவு கிடைத்தது. பார்த்துவிட்டுத் திரும்பினான். கோடை போயிற்று, மழை வந்தது, அந்த மூலை மட்டும் விதைக்காமல் கிடந்தது.

அடுத்த ஐப்பசியில் திம்மராயன் ஒரு லாரியோடு வந்தார். முகம் கொடுக்காமல் பேசினார்.

“புதுக் கடன் கிடைச்சிருக்கு. சாமானும் கப்பல்ல வருது. ஆனா கடன் குடுக்கறவங்க கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு திட்டத்தை எடுத்திருக்காங்க. மெஷின் அங்க போவணுமாம்.”

“இங்க இன்னும் முப்பது அடி போனா தண்ணி வரும் சார்.”

“எனக்குத் தெரியாதா? பட்டியல்ல இந்த ஊர் இல்லைப்பா.”

முனிவேலுக்குக் கோபம்கூட வரவில்லை. பதினான்கு மாதத்தில் அதெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. துளையின் வாயை இரும்புத் தகட்டால் மூடினான். இயந்திரத்தை லாரியில் ஏற்ற மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு சென்னம்மாளிடம் போனான்.

“போறோம்மா.”

“தண்ணி?”

“இல்லை.”

அவள் போய்த் தகட்டைக் காலால் தட்டிப் பார்த்தாள். “அப்போ உழுதுக்கலாமில்ல?” என்றாள்.

மாடுகளை அவளே ஓட்டி வந்தாள். இயந்திரத்தின் கனத்தில் மண் தளம்போல இறுகியிருந்தது. எண்ணெய் வேறு ஊறியிருந்தது. ஏர் வழுக்கிக்கொண்டே போயிற்று. முனிவேல் கடப்பாரையை எடுத்து ஓரத்திலிருந்து குத்தத் தொடங்கினான். லாரி இரண்டு முறை ஹாரன் அடித்தது. திம்மராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

பாதி மூலை பெயர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

“போதும்பா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றாள் சென்னம்மாள். “போற வழியில புள்ளையப் பாத்துட்டுப் போ.”

“வழி அந்தப் பக்கம் இல்லம்மா” என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை அவளிடமே கொடுத்துவிட்டு லாரியில் ஏறினான்.