நிழலுக்கு மூடிய சிப்பி

அந்த வளைகுடாவில் பெரிஸ்காச் சிப்பிகள் முழங்கை உயரத்துக்குக் கடற்புல்லுக்குள் நட்டுவைத்தாற்போல் நின்றவை. நோய் விழுந்து அத்தனையும் செத்தன. ஒன்றே ஒன்று தப்பியது. கடற்பூங்காவில் முக்குளிக்கும் நெவென்கா அதற்குக் கம்பிக்கூண்டு பின்னிப் போட்டு, பூரா என்னும் வாடைக்காற்று ஓயும்போதெல்லாம் இறங்கிப் பாசி தேய்த்துவிட்டு வருவாள். வேறு கரையில் பிழைத்த இன்னொரு சிப்பியை மறுநாள் கொண்டுவந்து பக்கத்தில் நடப்போகிறார்கள். இதற்கு உயிர் இருந்தால். அதைப் பார்த்துச் சொல்லத்தான் இன்று இறங்குகிறாள்.

கூட முக்குளிக்கும் ஷிமே, படகை மிதவையில் கட்டிக்கொண்டே சீண்டினான்.

"கட்டுன புருஷன இப்படிக் கவனிச்சியாடி நீ?"

"அவன் தெறந்த வாய மூடவே மாட்டான்டா. இது நெழல் பட்டாலே மூடிக்கும்."

"நாளைக்குச் சம்பந்தம் வருது. பொண்ணுக்குப் பல்லு தேச்சு விடு, போ."

கீழே குளிர் கழுத்துவழியாக இறங்கியது. நெவென்கா கூண்டுக்கு மேலே கையை அசைத்தாள். சிப்பி சட்டென்று மூடியது. ஷிமே விரலை வட்டமாக வளைத்து 'சரி' என்று காட்டினான். அவள் சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

பாசியைத் தேய்க்கும்போதுதான் ஓட்டின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சிப்பியின் சதை என்றே நினைத்தாள். விளக்கடித்தாள். உறிஞ்சுக்குமிழ்கள். உள்ளே ஒரு கண்.

எட்டுக்கைப் பேய்க்கணவாய். சிப்பியைத் தின்று தீர்த்துவிட்டு, அதே வீட்டில் குடியேறி, ஆள் நிழல் கண்டதும் ஓடுகள் இரண்டையும் இழுத்துச் சாத்திக்கொண்டது. கம்பி இடைவெளி இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அவள் கையால் பின்னியதுதான். எலும்பில்லாத உடம்பு அதற்குள்ளும் நுழைந்திருக்கிறது.

மேலே வந்ததும் ஷிமே மெதுவாகச் சொன்னான்:

"மூடிச்சுல்ல, மூடிச்சுன்னே சொல்லிடு. வந்து நடட்டும். ஒண்ணாவது இருக்கும்ல?"

"அதையும் தின்னட்டும்ங்கறியா?"

அவளே அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"நெவென்கா பேசறேன். செத்துப்போச்சுங்க. ஆமா, பாத்துட்டுத்தான் சொல்றேன். கொண்டு வர வேண்டாம்."

பூங்காவின் தரையில் வேலையற்ற இரும்பு கிடக்கக் கூடாது. ஓய்வெடுத்து இருவரும் மறுபடி இறங்கிக் கூண்டைப் பிடுங்கினார்கள். படகுக்குள் அதை இழுத்துப் போட்டபோது கம்பிகளிலிருந்து குட்டி நண்டுகள் உதிர்ந்து பலகையில் ஓடின. நெவென்கா மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கடலில் விட்டாள். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. அவள் எழும்வரை ஷிமே எஞ்சினைத் தொடவில்லை.