மண்ணாங்கட்டி வீட்டு நான்கு ஓட்டு

ஆறு நாள் வெயிலில் திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு வந்த என்னைப் பார்த்து, "வூட்ல குந்திகினே கணக்கை ரொப்பினியா?" என்று கேட்டார் கமாலுதீன். எங்கள் கருத்துக்கணிப்பு கம்பெனியின் சூப்பர்வைசர். வந்த கோபத்துக்கு டேப்லெட்டை அவர் மேஜையிலேயே போட்டு உடைத்திருப்பேன்.

என் கணக்கில் பழைய கட்சிக்கு நூற்றுக்கு எழுபது. அதே தெருக்களில் இன்னொரு கம்பெனி ஆளாளுக்குப் போன் போட்டுக் கேட்டதில் நாற்பத்தொன்று.

"ரெண்டும் எப்படி ரெஜினா நெஜமா இருக்கும்? திரும்பப் போய்ப் பாரு. சாயங்காலத்துக்குள்ள பதில் வரலேன்னா நாளைலேர்ந்து வராதே."

திரும்பவும் முதல் வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன். மண்ணாங்கட்டி வீடு. போன வாரம் அவர்தான் வாசலில் நின்று, "எங்க வூட்ல நாலு ஓட்டு. நாலும் பழைய கட்சிக்குத்தான், எய்திக்க" என்றார். வயதுகளையும் அவரே சொன்னார்: அறுபத்து நான்கு, ஐம்பத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்திரண்டு. நான்கையும் ஏற்றிக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் ஓட்டை வீட்டுக் கணக்கில்தான் சொல்வார்கள். ராயபுரத்தில் என் அப்பா கஸ்பாரும் அப்படியே சொல்வார். அதனால் எனக்கு அது உறுத்தவே இல்லை.

இன்று அவர் டீக்கடைக்குப் போயிருந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ராத்திரி வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய மகள் மதி, டேப்லெட்டில் தன் வயதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இந்த இருபத்திரண்டு நானா? என்னை எப்போக்கா கேட்ட?"

டேப்லெட்டை அவள் கையில் கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுத்தினாள். உள்ளேயிருந்து அவள் அம்மா சொக்கம்மாள் வந்து, "என்னுதையும் நானே அமுக்குறேன். அவராண்ட சொல்லிராதே இன்னா" என்றாள்.

தெரு முழுக்க அப்படியே செய்தேன். அவரவர் ஓட்டை அவரவர் கையால். பொழுது சாயும்போது தொண்ணூறு பேர் சேர்ந்திருந்தார்கள். கடற்கரைக் கருங்கல்லில் உட்கார்ந்து வயது வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். முப்பத்தைந்துக்கு மேலே பழைய கட்சி, கீழே புதுக் கட்சி. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலர் மாறியிருந்தாலும், நூல் பிடித்துக் கிழித்த மாதிரி ஒரு கோடு.

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஒரே கூரை, ஒரே மீன் குழம்பு, ஒரே டிவி. நடுவில் இப்படி ஒரு கோடு ஓடுவது சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கே தெரியாது. அதையும் தாண்டி, சின்னவர்கள் பக்கம் ஐம்பதைத் தாண்டிய ஒரே ஆளாக ஒரு ஐம்பத்தெட்டு வயது. சொக்கம்மாள்! கடலைப் பார்த்துக்கூட நான் இப்படி வாய் பிளந்து உட்கார்ந்ததில்லை.

கமாலுதீனுக்குப் போன் போட்டேன். "தப்பு என்னுதுதான் சார். பெரியவங்க சொன்னதை வச்சு வூடு மொத்தத்தையும் எய்திட்டேன்." இப்போது வந்த எண்ணிக்கையைச் சொன்னேன். நூற்றுக்கு நாற்பத்து மூன்று.

"நம்ம ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் எய்திகினு வந்திருப்பாங்க. எல்லா ஏரியாவும் திரும்பக் கேக்கணும். நாளைக்குச் சீக்கிரம் வா," என்றார்.

வேலை தப்பித்த நிம்மதியோடு ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒருத்தி கையில் டேப்லெட். வேறு ஏதோ கம்பெனி. அப்பா நாற்காலியிலிருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வூட்ல மூணு ஓட்டு. மூணும் பழைய கட்சிக்குத்தான், எய்திக்கமா."

அவள் விரல் மூன்றாவது முறை இறங்கப்போனது.

"இரும்மா. அதை இப்படிக் குடு," என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாடி, நான் சொன்னது தப்பா?"

"தெரியாதுப்பா. இருபத்தேழு வயசு ஆவுது, இந்த வூட்ல என்னை யாரும் கேட்டதே இல்லையே."

சுவர்ப்பக்கம் திரும்பினேன். அழுத்தி முடிப்பதற்குள், சமையலறையிலிருந்து அம்மா ஐரீன் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து என் பின்னால் நின்றாள்.

"முடிச்சிட்டு என்னாண்ட குடு."