பைலட்டின் கழித்தல் கணக்கு

“உனக்கு வாய் பேசுமா, இல்ல விரல் மட்டும்தான் வேலை செய்யுமா?”

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அவளிடம் கேட்டது இது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து அந்த விமான டிக்கெட் கடையில் மூலை மேசையும் கம்ப்யூட்டரும் அவளுக்கு. பேச்சு முழுவதும் அவருக்கு.

தெருவே அவரைப் ‘பைலட்’ என்றுதான் கூப்பிட்டது. விமானத்தில் ஒரு நாளும் கால் வைக்காத மனுஷன். சட்டைப் பையில் மூன்று பேனா செருகிக்கொண்டு, மேகத்துக்கு மேலேயே பிறந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். பயண நேரம் சொல்ல அவரிடம் ஒரே வழிதான்: இறங்கும் மணியிலிருந்து ஏறும் மணியைக் கழிப்பார். இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒரே நேரம் காட்டாது என்பது அந்த மண்டைக்குள் இறங்கவே இல்லை. ஏமாந்தவர்களோ கடல் தாண்டி இருந்தார்கள். யார் வந்து சட்டையைப் பிடிப்பது?

அன்று காலை, விமான நிலையம் போகும் வழியில் முன்பே பதிவு செய்த டிக்கெட்டை வாங்கிக்கொள்ள ஓர் அம்மாள் பெட்டியோடு வந்தார். சர்க்கரை நோய்; துணைக்கு ஆள் இல்லை.

“எத்தனை மணி நேரம் ஆகும் தம்பி? ஊசி மருந்து பெட்டிக்குள்ள இருக்கு. அடுத்தது ராத்திரிதான் போடணும்.”

பைலட் டிக்கெட்டை மூக்குவரை தூக்கினார். “பதினொன்னுக்கு ஏறுறீங்க, மூணுக்கு இறங்குறீங்க. நாலே மணி நேரம்! ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துடும். ஊசி பெட்டியிலேயே கிடக்கட்டும்மா.”

பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். நடுவானில் கேட்டால் யார் எடுத்துத் தருவார்கள்? மூலை மேசையிலிருந்து அவள் தலையைத் தூக்கினாள்.

“பதினாலு மணி நேரம்” என்றாள்.

“பாருங்கம்மா, பொம்மை பேசுது!” பைலட் குலுங்கிச் சிரித்தார். “ஒன்பதாவது தாண்டாதவ எனக்குக் கணக்கு சொல்றா.”

அவள் எழுந்து வந்து டிக்கெட்டின் அடுத்த தாளைத் திருப்பினாள்.

“திரும்பி வர்றதையும் உங்க கணக்குலயே பாருங்க சார். சாயங்காலம் அஞ்சுக்கு ஏறி, மறுநாள் சாயங்காலம் அஞ்சுக்கு இறங்குறாங்க. போறதுக்கு நாலு, வர்றதுக்கு இருபத்துநாலா? பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் சார், ரெண்டு பக்கமும் அதே தூரம்தான். அங்க கடிகாரம் நமக்குப் பத்து மணி நேரம் பின்னாடி.”

பைலட் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. முட்டாள்களுக்கு மட்டும் வாய்க்கிற வரம் அது.

“எதிர்க்காத்தும்மா! வர்றப்ப எதிர்க்காத்து. போறப்ப காத்தே தள்ளிட்டுப் போயிடும். இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரமாட்டாங்க. காத்துலயே நாலு வகை இருக்கு. மொத வகை என்னன்னா...”

அம்மாள் அவரைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து மருந்து டப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார்.

பைலட் இரண்டாம் வகைக் காற்றுக்கு வந்திருந்தார். அம்மாள் பெட்டியை இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போனார்.